அமெரிக்காவில் ஸ்பீடிங் டிக்கெட்: பணம் கட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு ஸ்பீடிங் டிக்கெட் விழுந்தது. 50 மைல் ரோட்டில் 68 போயிருக்கிறேன். அன்று இரவு பிள்ளை தூங்கியதும் லேப்டாப்பைத் திறந்து, கார்டு எண்ணைத் தட்டி, அபராதத்தைக் கட்டிவிட்டுத்தான் படுத்தேன். தலைச்சுமை இறங்கியது போல நிம்மதியாகத் தூக்கம் வந்தது. நாலைந்து மாதம் கழித்து இன்சூரன்ஸ் ரினியூவல் கடிதம் வந்தபோது பிரீமியம் ஏறியிருந்தது. ஏன் என்று விசாரித்த பிறகுதான், அந்த இரவு நான் செய்த காரியத்துக்குச் சட்டத்தில் வேறு பெயர் இருப்பது தெரிந்தது: குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல். லைசென்ஸில் 4 பாயின்ட் ஏறிவிட்டது. ஒரு நாள் லீவு போட்டு கோர்ட்டுக்குப் போய் அங்கிருக்கும் அரசு வழக்கறிஞரிடம் பேசியிருந்தால் அந்த 4 பாயின்ட்டை பூஜ்யமாக மாற்றக் கேட்டிருக்கலாம். எனக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நண்பர்கள், அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள் என்று பலர் டிக்கெட்டோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். எல்லோரிடமும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: "பணம் கட்டிட்டீங்களா?" இல்லை என்று சொன்னால் நிம்மதி. பெரும்பாலான மாநிலங்களில் அதற்குப் பிறகு செய்ய நிறைய இருக்கிறது. கட்டிவிட்டார்கள் என்றால் செய்யக் கூடியது கொஞ்சம்தான்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: மூன்று தனித்தனி கணக்குகள்

ஒரு டிக்கெட் மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. கோர்ட்டில் அபராதம். மோட்டார் வாகனத் துறையில் பாயின்ட். இன்சூரன்ஸ் கம்பெனியில் பிரீமியம். ஒன்று தீர்ந்தால் மற்றதும் தீர்ந்துவிடும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

பாயின்ட் என்பது மாநில அரசு உங்கள் லைசென்ஸைப் பிடுங்கலாமா என்று முடிவு செய்ய வைத்திருக்கும் கணக்கு. கலிபோர்னியாவில் 12 மாதத்தில் 4, 24 மாதத்தில் 6, 36 மாதத்தில் 8 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸுக்கு ஆபத்து. நியூ ஜெர்சியில் 12 சேர்ந்தால் லைசென்ஸ் நிறுத்தம். ஜார்ஜியாவில் 24 மாதத்தில் 15. ஒரு மாநிலத்துப் பாயின்ட்டை இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. கலிபோர்னியாவில் சாதாரண ஸ்பீடிங்குக்கு 1 பாயின்ட். என் டிக்கெட்டில் இருந்த வேகத்துக்கு நியூ ஜெர்சியில் 4. அதனால் கலிபோர்னியா தாராளமான மாநிலம் என்று ஆகிவிடாது, அளவுகோல் வேறு, அவ்வளவுதான்.

பாயின்ட் முறையே இல்லாத மாநிலங்களும் உண்டு. வாஷிங்டன், ஆரிகன், மினசோட்டா, கான்சாஸ் எல்லாம் அந்த வகை. டெக்சாஸில் பாயின்ட்டோடு கூடுதல் கட்டணமும் வாங்கும் திட்டம் ஒன்று இருந்தது, அதை 2019 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். "எங்க மாநிலத்துல பாயின்ட்டே கிடையாது, இன்சூரன்ஸ் எப்படி ஏறும்?" என்று சியாட்டிலில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். ஏறும். இன்சூரன்ஸ் கம்பெனி பார்ப்பது அரசு போடும் பாயின்ட்டை அல்ல, உங்கள் டிரைவிங் ரெக்கார்டில் இருக்கும் தண்டனையை, அதாவது குற்றம் உறுதியானது என்ற பதிவை. எந்தத் தேதி, என்ன குற்றம், எத்தனை மைல் அதிகம் என்று அதில் இருக்கும். அதை வைத்துத் தங்கள் சொந்தக் கணக்கில் விலை போடுகிறார்கள். நார்த் கரோலினாவில் இந்த வித்தியாசத்தைச் சட்டமே வெளிப்படையாக வைத்திருக்கிறது. அங்கே லைசென்ஸ் பாயின்ட் வேறு, இன்சூரன்ஸ் பாயின்ட் வேறு, இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. டிரைவிங் வகுப்புக்குப் போய் பாயின்ட்டைக் குறைத்தாலும் தண்டனை ரெக்கார்டிலேயே இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது தெரியும். தண்டனையே ரெக்கார்டில் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான காப்பு. இதற்கு மேல் நான் சொல்லப்போகும் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

படி 1: ரோட்டோரத்தில்

பின்னால் போலீஸ் வண்டியின் விளக்கு சுழன்றதும் வலப்பக்க இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்துங்கள். இரவு என்றால் உள்விளக்கைப் போடுங்கள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். ரெஜிஸ்ட்ரேஷனும் இன்சூரன்ஸ் கார்டும் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தால், "அங்கே இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். "எவ்வளவு வேகமாக வந்தீர்கள் தெரியுமா?" என்று போலீஸ்காரர் கேட்பார். நம் ஊர்ப் பழக்கத்தில் "சாரி ஆபீசர், 75 இருக்கும்" என்று சொல்லத் தோன்றும். அது அவருடைய குறிப்பில் ஏறும், பிறகு கோர்ட்டில் உங்களுக்கு எதிராக வரும். மரியாதையாக இருங்கள், நீங்களாக எண் எதுவும் சொல்லாதீர்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் கையெழுத்துக் கேட்பார்கள். அது கோர்ட்டில் ஆஜராகிறேன் என்ற உறுதிமொழி மட்டும்தான், ஒப்புதல் அல்ல. தயங்காமல் போட்டுவிடுங்கள்.

அவர் போனதும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ரோடு, எந்த எக்ஸிட் அருகே, நேரம், மழையா வெயிலா, போக்குவரத்து எப்படி இருந்தது, வேக எல்லைப் பலகை கடைசியாக எங்கே பார்த்தீர்கள். ஆறு வாரம் கழித்து இதில் பாதி மறந்துவிடும்.

படி 2: டிக்கெட்டை வரிவரியாகப் படியுங்கள்

டிக்கெட்டைப் பார்த்ததும் கண் அபராதத் தொகைக்குத்தான் போகும். அது இந்தக் காகிதத்திலேயே முக்கியம் குறைந்த வரி.

முதலில் சட்டப்பிரிவைப் பாருங்கள். நியூ ஜெர்சி டிக்கெட்டில் 39:4-98 என்று இருந்தால் அது ஸ்பீடிங். கலிபோர்னியாவில் 22349 என்றால் அதிகபட்ச வேகத்தைத் தாண்டியது. 22350 என்றால் சூழ்நிலைக்குப் பொருந்தாத வேகம், இதில் வாதாட இடம் அதிகம். 22348 (பி) என்றால் 100 மைலுக்கு மேல். 2 பாயின்ட், நிலைமை வேறு. பிறகு இரண்டு எண்கள்: அந்த ரோட்டின் எல்லை எவ்வளவு, நீங்கள் போனதாக எழுதியிருப்பது எவ்வளவு. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நியூ ஜெர்சியில் 14 மைல் வரை அதிகம் என்றால் 2 பாயின்ட், 15 முதல் 29 வரை 4, 30 ஆகிவிட்டால் 5. என் டிக்கெட்டில் இடைவெளி 18. இன்னும் 4 மைல் குறைவாகப் போயிருந்தால் பாயின்ட் பாதி.

அப்புறம் கோர்ட் தேதி. நீங்கள் கட்டாயம் நேரில் வர வேண்டும் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆன்லைனில் கட்டும் வழியே கிடையாது, வழக்கறிஞர் தேவைப்படும் டிக்கெட் அது. வேகத்தை எப்படி அளந்தார்கள் என்றும் எழுதியிருக்கலாம்: ரேடாரா, லேசரா, பின்னால் ஒரே வேகத்தில் ஓட்டிவந்து கணித்ததா. தேதியை இன்றே காலண்டரில் போட்டு, இரண்டு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டலும் வையுங்கள். டிக்கெட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பல மாநிலங்களில் சாதாரண ஸ்பீடிங் லைசென்ஸ் நிறுத்தமாக மாறலாம். நிறுத்தப்பட்ட லைசென்ஸோடு ஓட்டி மாட்டினால் அது ஸ்பீடிங்கைவிடப் பல மடங்கு பெரிய குற்றம்.

கேமரா டிக்கெட் தபாலில் வந்திருந்தால் பெருமூச்சு விடலாம். நியூயார்க் நகரத்து வேகக் கேமரா டிக்கெட் 50 டாலர், வண்டி உரிமையாளர் பெயரில் வரும், பாயின்ட் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் போட்டிருக்கும் கேமராக்களுக்கும் பாயின்ட் இல்லை. இதைப் பேசாமல் கட்டிவிடுங்கள். இந்த வழிகாட்டியில் சொல்லும் எதுவும் அதற்குத் தேவையில்லை.

படி 3: உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

ஒரு உதாரணம். ஆறு மாத பிரீமியம் 900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட்டால் 20 சதவீதம் ஏறினால் ஒவ்வொரு ரினியூவலுக்கும் 180 டாலர் கூடுதல். பல கம்பெனிகள் தண்டனையை 3 வருடம் கணக்கில் வைக்கின்றன, சில 5 வருடம் வரை போகும். 3 வருடத்தில் ஆறு ரினியூவல், மொத்தம் 1,080 டாலர். அபராதம் 200 டாலர் என்றால், நீங்கள் பயந்தது 200-க்கு, போகப்போவது அதன் ஐந்து மடங்கு. உங்கள் கம்பெனியில் ஏற்றம் 10 சதவீதமாக இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். முதல் சிறு டிக்கெட்டை மன்னித்துவிடும் கம்பெனிகளும் உண்டு. உங்கள் பாலிசித் தொகையைப் போட்டு நீங்களே ஒரு முறை கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகு கோர்ட்டுக்கு ஒரு நாள் லீவு போடுவது வீணாகத் தெரியாது.

ஏற்றம் இரண்டு வழியில் வரும். ஒன்று, டிக்கெட்டுக்கென்று நேராகக் கூட்டுவது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: நல்ல டிரைவர் சலுகை போய்விடுவது. கலிபோர்னியாவில் 1988-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 103-ஆம் முன்மொழிவின்படி, 3 வருட அனுபவமும் அந்த 3 வருடத்தில் 1 பாயின்ட்டுக்கு மேல் இல்லாத ரெக்கார்டும் இருந்தால் 20 சதவீதச் சலுகையைக் கம்பெனி தந்தே ஆகவேண்டும். முதல் டிக்கெட்டில் இந்தச் சலுகை போகாது, இரண்டாவதில் போகும். 20 சதவீதச் சலுகை போனால் 20 சதவீதம் ஏறுகிறது என்று நினைக்காதீர்கள். 1,000 டாலர் பாலிசியை 800-க்கு வாங்கிக்கொண்டிருந்தீர்கள், இனி 1,000 கட்ட வேண்டும். உங்கள் கையிலிருந்து போவது 25 சதவீதம் அதிகம். அதனால்தான் கலிபோர்னியாவில் ஏற்கெனவே 1 பாயின்ட் இருப்பவர்களிடம், இரண்டாவது டிக்கெட்டை எந்தக் காரணத்துக்காகவும் அப்படியே கட்டாதீர்கள் என்று சொல்வேன்.

சில மாநிலங்களில் இதற்கு மேல் அரசே தனியாக வசூலிக்கும். நியூ ஜெர்சியில் 3 வருடத்தில் 6 பாயின்ட் சேர்ந்தால் 150 டாலர் கூடுதல் கட்டணம், 6-க்கு மேல் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் 25. நியூயார்க்கில் 6 பாயின்ட் எட்டினால் 3 வருடத்துக்கு வருடம் 100 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் வருடம் 25. ஜார்ஜியாவில் எந்த ரோட்டிலும் 85 மைலோ அதற்கு மேலோ, இரண்டு லேன் ரோட்டில் 75-ஓ அதற்கு மேலோ போனால் அபராதத்துக்கு வெளியே 200 டாலர்.

படி 4: உங்கள் மாநிலத்தில் தப்பிக்க என்ன கதவு இருக்கிறது என்று பாருங்கள்

ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் பெயர்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

கலிபோர்னியாவில் டிராஃபிக் ஸ்கூல். அபராதம் முழுவதும் கட்ட வேண்டும், கோர்ட்டுக்கும் பள்ளிக்கும் கூடுதல் கட்டணம் உண்டு. அதற்குப் பதிலாகத் தண்டனை ரகசியமாக வைக்கப்படும், இன்சூரன்ஸ் கம்பெனி கண்ணில் படாது. 18 மாதத்துக்கு ஒரு முறைதான் இந்த வாய்ப்பு. 25 மைலுக்கு மேல் அதிகம் என்றால் கவுண்ட்டரில் தரமாட்டார்கள், நீதிபதியிடம் கேட்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: வகுப்பை முடித்தாலும் சான்றிதழ் கெடு தேதிக்குள் கோர்ட்டுக்குப் போய்ச் சேராவிட்டால் எல்லாம் பாழ். பள்ளி அனுப்பிவிடும் என்று இருந்துவிடாமல், கோர்ட் இணையதளத்தில் ஏறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள்.

டெக்சாஸில் தற்காப்பு டிரைவிங் வகுப்பு, ஆறு மணி நேரம். முடித்தால் வழக்கே தள்ளுபடி. 12 மாதத்துக்கு ஒரு முறை. எல்லையைவிட 25 மைல் அல்லது அதற்கு மேல் போயிருந்தாலோ, 95 மைலைத் தொட்டிருந்தாலோ கிடைக்காது. ஆஜராக வேண்டிய தேதிக்குள் கோர்ட்டில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும், பிறகு 90 நாள் அவகாசம். அனுமதி வாங்காமல் வகுப்பை முதலில் முடித்துவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வரிசை மாறினால் பலன் கிடைக்காமல் போகலாம்.

வாஷிங்டனில் 7 வருடத்துக்கு ஒரு முறை தீர்ப்பை ஒத்திவைக்கக் கேட்கலாம். குறிப்பிட்ட காலம் இன்னொரு டிக்கெட் இல்லாமல் ஓட்டினால் தள்ளுபடி. இல்லினாயில் இதைக் கோர்ட் மேற்பார்வை என்கிறார்கள். ஒழுங்காக முடித்தால் தண்டனையாகப் பதிவாகாது.

நியூ ஜெர்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நான் கோட்டைவிட்ட இடம் அது. அங்கே 'பாதுகாப்பற்ற ஓட்டுதல்' என்று ஒரு பிரிவு இருக்கிறது, 39:4-97.2. முதல் இரண்டு முறைக்கு பாயின்ட் கிடையாது. உள்ளூர் முனிசிபல் கோர்ட்டில் அரசு வழக்கறிஞரைச் சந்தித்து, ஸ்பீடிங்கை இந்தப் பிரிவுக்கு மாற்றித்தரக் கேட்கலாம். இலவசம் இல்லை, அபராதத்தோடு 250 டாலர் கூடுதல் கட்டணம் உண்டு. கேட்டதும் "டிக்கெட்டே அவ்வளவு இல்லையே" என்று பலர் பின்வாங்குகிறார்கள். மேலே போட்ட 3 வருடக் கணக்கை எடுத்து வைத்துப் பாருங்கள். மூன்றாவது முறை 5 வருடத்துக்குள் வந்தால் 4 பாயின்ட் ஏறும், எனவே 2 மைல் 3 மைல் வித்தியாசத்துக்கெல்லாம் இதைச் செலவழித்துவிடாதீர்கள்.

பேச்சுவார்த்தை எப்படி நடக்கும் என்று தெரியாததால்தான் நம்மவர்கள் கோர்ட் என்றாலே பயப்படுகிறார்கள். சினிமாவில் வரும் கூண்டு, வாதம் எல்லாம் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்று முதலில் பதிவு செய்வீர்கள். குறிப்பிட்ட நாளில், நேரிலோ வீடியோ வழியாகவோ, அரசு வழக்கறிஞர் ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். கையில் உங்கள் டிரைவிங் ரெக்கார்டின் பிரதி இருக்கட்டும். "என் ரெக்கார்டு சுத்தமாக இருக்கிறது, பாயின்ட் இல்லாத பிரிவுக்கு மாற்ற முடியுமா?" என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். போலீஸ்காரர் மேல் புகார் சொல்லாதீர்கள், வண்டியில் குழந்தை அழுதது என்று நீளமாகக் கதை சொல்லாதீர்கள். அவருக்கு வரிசையில் இன்னும் முப்பது பேர் இருப்பார்கள். அவர் ஏதாவது முன்வைத்தால், ஒத்துக்கொள்ளும் முன் "இதற்கு எத்தனை பாயின்ட், ரெக்கார்டில் என்னவென்று பதிவாகும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நீதிபதி முன்னால் இரண்டு நிமிடம். அவ்வளவுதான்.

இது எல்லா இடத்திலும் நடக்காது. நியூயார்க் நகரத்தின் ஐந்து பரோக்களிலும் போக்குவரத்து டிக்கெட்டுகளை விசாரிக்கும் தனி அலுவலகத்தில் பேரம் என்பதே கிடையாது. ஜெயிக்க வேண்டும் அல்லது தோற்க வேண்டும். நகரத்தைத் தாண்டி அதே மாநிலத்தின் வேறு ஊர்களில் பேச்சுவார்த்தை சகஜம். கலிபோர்னியாவில் நேரில் போகாமலே எழுத்து மூலம் வழக்கு நடத்தலாம். அபராதத் தொகையை முன்பணமாகக் கட்டி, உங்கள் தரப்பை எழுதி அனுப்புவீர்கள். போலீஸ்காரரும் எழுதி அனுப்ப வேண்டும். தோற்றாலும் 20 நாளுக்குள் புதிதாக நேர் விசாரணை கேட்கும் உரிமை உண்டு. இரண்டு வாய்ப்பு கிடைக்கிறது.

படி 5: இவற்றில் ஏதாவது இருந்தால் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்

வர்ஜீனியாவைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். எல்லையைவிட 20 மைல் அல்லது அதற்கு மேல் போனாலோ, எல்லை எதுவாக இருந்தாலும் 85-ஐத் தாண்டினாலோ அது அங்கே ஸ்பீடிங் அல்ல, 'பொறுப்பற்ற ஓட்டுதல்'. முதல் வகுப்பு மிஸ்டிமீனர், கிரிமினல் குற்றம். 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ரெக்கார்டில் 11 வருடம் நிற்கும். 70 மைல் ஹைவேயில் 86 போனால் போதும். நியூ ஜெர்சியிலிருந்து குடும்பத்தோடு தெற்கே போகிறவர்கள் வர்ஜீனியா எல்லையைத் தொட்டதும் குரூஸ் கன்ட்ரோலைக் குறைத்துவிடுங்கள். ரேடார் டிடெக்டர் வைத்திருந்தால் அதுவும் அங்கே சட்ட விரோதம். இல்லினாயிலும் 26 மைலோ அதற்கு மேலோ அதிகம் என்றால் மிஸ்டிமீனர்.

கிரிமினல் என்ற சொல் விசாவில் இருப்பவர்களை வேறு விதமாகத் தொடுகிறது. விசா ஸ்டாம்பிங்குக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் கைதோ தண்டனையோ உண்டா என்ற கேள்வி இருக்கிறது. குடியுரிமைக்கான என்-400 படிவம் டிக்கெட் வாங்கியது உண்டா என்றுகூடக் கேட்கிறது. சாதாரண ஸ்பீடிங், கைது இல்லை, மது சம்பந்தம் இல்லை, அபராதம் 500 டாலருக்குள் என்றால் ஆவணம் இணைக்கத் தேவையில்லை என்று அந்தப் படிவத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனாலும் கேள்விக்கு உண்மையான பதில்தான் எழுத வேண்டும். டிக்கெட் மிஸ்டிமீனர் வகை என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசுங்கள். டிராஃபிக் வழக்கறிஞருக்கு டிராஃபிக் சட்டம் தெரியும், உங்கள் கிரீன் கார்டு கோப்பு தெரியாது.

மற்றபடி, இரண்டாவது மூன்றாவது டிக்கெட், 25 மைலுக்கு மேல் இடைவெளி, விபத்தோடு சேர்ந்த டிக்கெட், லாரி, பஸ் ஓட்டும் தொழில்முறை லைசென்ஸ், டிக்கெட் வாங்கியது உங்கள் பதின்வயதுப் பிள்ளை, இவற்றுக்கெல்லாம் வழக்கறிஞர் கட்டணம் நியாயமான செலவு. பல ஊர்களில் உங்களுக்குப் பதிலாக அவரே ஆஜராகிவிடுவார்.

வேறு மாநிலத்தில் மாட்டினால்

"வெளி மாநில டிக்கெட்தானே, யாருக்குத் தெரியப்போகிறது" என்ற பேச்சை நம்பாதீர்கள். பெரும்பாலான மாநிலங்கள் டிரைவர் லைசென்ஸ் ஒப்பந்தம் ஒன்றில் சேர்ந்து, தண்டனைகளை லைசென்ஸ் கொடுத்த மாநிலத்துக்குத் தெரிவிக்கின்றன. அதை வைத்து உங்கள் மாநிலம் என்ன செய்யும் என்பது அதன் சட்டம். நியூ ஜெர்சி, வெளி மாநில மீறலுக்கு 2 பாயின்ட் போடுகிறது. நியூயார்க் பாயின்ட் போடுவதில்லை, கனடாவின் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் நடந்த மீறலுக்கு மட்டும் போடும். பாயின்ட் போட்டாலும் போடாவிட்டாலும் ரெக்கார்டில் ஏறினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியும். கட்டாமல் விட்டால் சொந்த மாநிலத்து லைசென்ஸே நிறுத்தப்படலாம்.

படி 6: இன்சூரன்ஸ் பக்கம்

தீர்ப்பு வரும் வரை டிக்கெட் பொதுவாக ரெக்கார்டில் தண்டனையாக ஏறாது. பாலிசி நடுவிலும் இதற்காக விலையை ஏற்றமாட்டார்கள், ரினியூவலில்தான். கம்பெனிகள் ஒவ்வொரு ரினியூவலுக்கும் ரெக்கார்டை எடுத்துப் பார்ப்பதும் இல்லை. புது பாலிசிக்கு விண்ணப்பித்தால் கட்டாயம் பார்ப்பார்கள். ஆகவே தண்டனை பதிவான சூட்டோடு, கோபத்தில் கம்பெனி மாற்றக் கிளம்பாதீர்கள். முதலில் ரினியூவல் கடிதம் வரட்டும். ஏறவில்லை என்றால் அசையாமல் இருங்கள். ஏறியிருந்தால் அதே கவரேஜுக்கு நாலு இடத்தில் விலை கேளுங்கள். ஒரே டிக்கெட்டை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக மதிப்பிடும் என்பதால் வித்தியாசம் கணிசமாக இருக்கும்.

விண்ணப்பத்தில் கடந்த 3 அல்லது 5 வருட மீறல்களைக் கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்தது விபத்து நடந்த பிறகு தெரியவந்தால், இழப்பீடு கேட்கும் நேரத்தில் பாலிசியே செல்லாது என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

விலை ஏற்றத்தைச் சமாளிக்க கவரேஜைக் குறைக்கலாமா என்று கேட்கிறார்கள். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியைக் குறைக்கவே குறைக்காதீர்கள், வீடும் சேமிப்பும் அதை நம்பித்தான் இருக்கின்றன. உங்கள் கையிலிருந்து கட்டும் டிடக்டிபிளை 500-லிருந்து 1,000 ஆக்குவது, பழைய வண்டிக்கு மோதல் கவரேஜை எடுத்துவிடுவது, இவை பரவாயில்லை. தற்காப்பு டிரைவிங் வகுப்புக்கு நியூயார்க்கில் 3 வருடத்துக்கு 10 சதவீதச் சலுகை உண்டு, பாயின்ட் கணக்கிலும் 4 வரை கழிப்பார்கள். நியூ ஜெர்சியிலும் வகுப்புக்குச் சலுகை உண்டு. 5 வருடத்துக்கு ஒரு முறை 2 பாயின்ட்டும் குறையும். டிக்கெட்டைக் கட்டித் தீர்த்துவிட்டவர்களுக்குக் கையில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் இதுதான், விட்டுவிடாதீர்கள்.

போன் ஆப் வைத்து ஓட்டும் முறையைக் கண்காணித்து விலை குறைக்கும் திட்டங்களும் இருக்கின்றன. திடீர் பிரேக், நள்ளிரவு ஓட்டம், போனைத் தொடுவது எல்லாம் கணக்கில் வரும். இரவு ஷிப்ட் வேலை என்றால் உங்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம்; சேரும் முன், மதிப்பெண் மோசமானால் விலை ஏறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: முடிந்த பிறகு

வழக்கு முடிந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து உங்கள் டிரைவிங் ரெக்கார்டை மோட்டார் வாகனத் துறையிலிருந்து வாங்கிப் பாருங்கள். கலிபோர்னியாவில் ஆன்லைனில் 2 டாலர்தான். கோர்ட்டில் பாயின்ட் இல்லாத பிரிவுக்கு மாறியது இங்கே பழைய ஸ்பீடிங்காகவே ஏறியிருந்தால், தீர்ப்பின் நகலோடு உடனே திருத்தச் சொல்லுங்கள். ரெக்கார்டில் உள்ள தகவலைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி விலையை ஏற்றினால், அந்த அறிக்கை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு, அதன் நகலை இலவசமாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நியூ ஜெர்சியில் மீறலோ நிறுத்தமோ இல்லாமல் போகும் ஒவ்வொரு வருடத்துக்கும் 3 பாயின்ட் கழியும். என் 4 பாயின்ட் இரண்டு வருடத்தில் போய்விட்டது. பிரீமியம் அப்போதும் இறங்கவில்லை, தண்டனை ரெக்கார்டில் இருந்ததால். கடைசியாகச் செய்ய வேண்டியது இதுதான்: தண்டனைத் தேதியிலிருந்து 36 மாதம் எண்ணி, காலண்டரில் அந்த நாளைக் குறித்துவையுங்கள். அந்த வாரம் கம்பெனியைக் கூப்பிட்டு, "டிக்கெட் 3 வருடத்தைத் தாண்டிவிட்டது, அடுத்த ரினியூவலுக்கு ரெக்கார்டைப் புதிதாக எடுத்துப் பார்த்து விலை போடுங்கள்" என்று சொல்லுங்கள். தானாக இறங்கும் என்று காத்திருந்ததில் நான் ஒரு ரினியூவல் அதிகமாகக் கட்டினேன். கூப்பிட்டது பத்து நிமிடம், அடுத்த கடிதத்தில் விலை இறங்கியிருந்தது.